7.07 மணிக்குக் கைமாறிய அதிகாரம்

1980 மே 5, மாலை. லண்டனில் உள்ள இரானியத் தூதரகத்தின் வாசலில் ஒரு சடலம் தள்ளப்பட்டது. இறந்தவர், தூதரகப் பத்திரிகைத் தொடர்பாளர் அப்பாஸ் லவாசானி.

ஆறு நாள் பேச்சுவார்த்தை அத்தோடு முறிந்தது. ஏப்ரல் 30 அன்று துப்பாக்கிகளோடு புகுந்த ஆறு பேர், 26 பேரைப் பணயக்கைதிகளாக்கியிருந்தார்கள். இரானின் குஸெஸ்தான் மாகாணத்து அரபுகள் அவர்கள். சிறையில் கிடந்த தங்கள் ஆட்கள் 91 பேரை விடுவிக்கச் சொன்னார்கள். அதுவரை பேசியதும், சாப்பாடு அனுப்பியதும், நாளைக் கடத்தியதும் போலீஸ்தான். பேச்சு நடந்த நாட்களில் ஐந்து பேர் வெளியே வந்துவிட்டார்கள். ராணுவத்தின் எஸ்.ஏ.எஸ். கமாண்டோக்கள் பக்கத்திலேயே தயாராக இருந்தும், உள்ளே நுழைய உத்தரவில்லை.

பிரிட்டனில் இப்படிப்பட்ட வேலைக்கு ராணுவம் தானாக இறங்க முடியாது. போலீஸ் கேட்க வேண்டும். அரசு சம்மதிக்க வேண்டும். சடலத்தைப் பார்த்ததும் போலீஸ் கமிஷனர் டேவிட் மெக்நீ கேட்டார். உள்துறை அமைச்சர் வில்லியம் வைட்லா, பிரதமர் தாட்சரின் ஒப்புதலோடு சம்மதித்தார். 7.07 மணிக்கு, போலீஸ் அதிகாரி ஜான் டெல்லோ ஆவணத்தில் கையெழுத்திட்டு, எஸ்.ஏ.எஸ்.ஸின் லெப்டினன்ட் கர்னல் மைக்கேல் ரோஸிடம் பொறுப்பை ஒப்படைத்தார்.

7.23க்குத் தாக்குதல். மாடியிலிருந்து இறங்கிய வீரர் ஒருவர் கயிறு சிக்கி அந்தரத்தில் தொங்க, கீழே பற்றிய தீ அவர் கால்களைச் சுட்டது. உள்ளே, பணயக்கைதிகளில் ஒருவரான போலீஸ்காரர் ட்ரெவர் லாக், தீவிரவாதிகளின் தலைவன்மேல் பாய்ந்தார். ஆறு நாளும் கோட்டைக் கழற்றாமல் உள்ளே ஒரு ரிவால்வரை மறைத்து வைத்திருந்தவர் அவர்!

17 நிமிடங்களில் எல்லாம் முடிந்தது. பணயக்கைதி இன்னொருவர் கொல்லப்பட, 19 பேர் உயிருடன் மீட்கப்பட்டார்கள். தீவிரவாதிகளில் ஐவர் பலி, ஒருவர் கைது. பொறுப்பைப் போலீஸிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு ராணுவம் கிளம்பியது.

சரணடைந்தவர்களையும் சுட்டார்கள் என்று மீட்கப்பட்டவர்கள் சிலர் சொன்னார்கள். 1981இல் மரண விசாரணை நடந்தது. சுட்டது சட்டப்படி நியாயமே என்றது ஜூரி.

எஸ்.ஏ.எஸ்.ஸுக்குள் இந்தப் பயங்கரவாத எதிர்ப்புப் பிரிவு உருவானதே 1972 மியூனிக் ஒலிம்பிக் படுகொலைக்குப் பிறகுதான். அங்கே பணயக்கைதிகளை மீட்கப் பயிற்சியில்லாத போலீஸ் எடுத்த முயற்சி படுதோல்வி அடைந்தது. மேற்கு ஜெர்மனி அதன் பிறகும் ராணுவத்தைக் கூப்பிடவில்லை. எல்லைக் காவல் போலீஸுக்குள்ளேயே ஜி.எஸ்.ஜி.9 என்ற அதிரடிப் படையை அமைத்தது. பிரிட்டனோ ராணுவத்தை நம்பியது.

அந்த நம்பிக்கைக்கு வட அயர்லாந்தில் விலை அதிகம். 1969இல் டெரி நகரத்துத் தெருக்களில் இறங்கிய படையைக் கத்தோலிக்கர்கள் தேநீர் கொடுத்து வரவேற்றார்கள். மூன்றாண்டுக்குள் அதே நகரத்தில் அவர்களின் ஊர்வலத்தையே ராணுவம் சுட்டது ஏன்? அடுத்த வாரம்.

(தொடரும்)