விரல்கள் கண்டுபிடித்த நோய்

1870களிலும் 1880களிலும் ஆம்ஸ்டர்டாமின் ஆம்ஸ்டல் ஹோட்டலில் வந்திறங்கிய ராஜ குடும்பத்தினரில் பலர் ஊர் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் அல்லர். ஒரு கசாப்புக் கடைக்காரரின் மகனிடம் உடம்பைப் பிடித்துவிட்டுக்கொள்ள வந்தவர்கள். அவர் பெயர் யோஹான் கியோர்க் மெட்ஸ்கர். உடற்பயிற்சி ஆசிரியராக இருந்து பிறகு மருத்துவம் படித்தவர். கணுக்கால் சுளுக்கைத் தேய்த்துவிட்டுக் குணப்படுத்துவது பற்றி 1868இல் லெய்டன் பல்கலைக்கழகத்தில் ஆய்வேடு கொடுத்துப் பட்டம் வாங்கினார். சுளுக்கினால் காலை அசைக்காமல் வைத்திருக்கவேண்டும் என்று மருத்துவர்கள் சொல்லிவந்த காலத்தில், அடிபட்ட காலையே பெருவிரலால் அழுத்தித் தேய்க்கலாம் என்றவர் அவர்.

ஆஸ்திரியப் பேரரசி எலிசபெத் 1884இல் இடுப்பு நரம்பு வலியோடு அவரிடம் வந்தார். ஊரே பெயர் சொல்லிக் கூப்பிடும் 'சிஸி'தான் அவர்; இடுப்பை ஒல்லியாக வைத்துக்கொள்ள ஆயுள் முழுக்கப் பட்டினி கிடந்தவர். மெட்ஸ்கர் பின்னாளில் கடலோரச் சிற்றூரான டோம்பர்க்குக்குக் குடிபெயர்ந்தபோது அவருடைய பணக்கார நோயாளிகளும் பின்தொடர்ந்தார்கள். அந்த ஊர் உல்லாச நகரமானதில் அவர் விரல்களுக்கும் பங்குண்டு. அங்கே அவருக்கு மார்பளவுச் சிலை இருக்கிறது.

ஆச்சரியம் என்னவென்றால், மெட்ஸ்கர் அதிகம் எழுதவில்லை. எழுதியவர்கள் அவருடைய சீடர்கள். இன்று எந்த ஸ்பாவின் விலைப்பட்டியலிலும் இருக்கும் எஃப்லராஜ், பெட்ரிசாஜ், ஃபிரிக்ஸியோன், தபோத்மான் என்ற நான்கு பிரெஞ்சுப் பெயர்களும் (நீவுதல், பிசைதல், தேய்த்தல், தட்டுதல்) இந்த டச்சுக்காரரின் பட்டறையிலிருந்து பரவியவை. பெயரென்னவோ 'சுவீடிஷ் மசாஜ்' என்று வேறொருவர் கணக்கில் போய்விட்டது. 1813இல் ஸ்டாக்ஹோமில் அரசு உடற்பயிற்சிக் கழகத்தைத் தொடங்கிய பேர் ஹென்ரிக் லிங்தான் அந்த வேறொருவர். அவர் முக்கியமாக உடற்பயிற்சிக்காரர்.

தொடையிலும் இடுப்பிலும் தோல் குழிகுழியாகத் தெரிவதைத்தான் இன்று செல்லுலைட் என்கிறோம். அதன் கதை இந்த மசாஜ்காரர்களிடமிருந்து தொடங்குகிறது. அழகு நிலையங்களோ, கிரீம் விளம்பரங்களோ வருவதற்கு வெகு காலம் முன்பே.

நாளெல்லாம் அடுத்தவர் உடம்பைப் பிசைகிற விரல்களுக்குத் தோலுக்கடியில் ஏதாவது தட்டுப்படத்தான் செய்யும். சிறு முடிச்சுகள், உருண்டைகள், தொட்டால் வலிக்கிற தடிப்புகள். ஸ்காண்டிநேவிய மசாஜ் நிபுணர்கள் இவற்றை வாத வலிகளின் வேர் என்று நம்பினார்கள். நசுக்கிக் கரைத்துவிட்டால் வலி போய்விடும் என்றார்கள். சுவீடன்காரரான மருத்துவர் நோர்ஸ்ட்ரோம் பாரிசில் கடைவிரித்து, தலைவலிக்கே மசாஜ்தான் மருந்து என்று புத்தகம் போட்டார். லண்டனில் வில்லியம் கவர்ஸ் 1904இல் இதே மாதிரி வலிகளுக்கு ஃபைப்ரோசைட்டிஸ் என்று பெயர் வைத்தார். பிரெஞ்சுக்காரர்களுக்குக் கைவசம் வேறொரு பெயர் இருந்தது: செல்லுலீத், ஆங்கில உச்சரிப்பில் செல்லுலைட்.

அது 1873ஆம் ஆண்டு மருத்துவ அகராதியிலேயே உள்ள சொல். அங்கே அதற்குத் தோலடித் திசுவின் அழற்சி என்றுதான் பொருள். 1920இல் அல்கியே, பவியோ என்ற இரண்டு பிரெஞ்சு மருத்துவர்கள் இதைத் திருப்பிப் போட்டார்கள். அவர்கள் விவரித்த செல்லுலீத்தில் அழற்சி கிடையாது. திசுவில் நீர் தேங்கி அதன் ஊட்டம் கெட்டுப்போகும் ஒரு கோளாறு அது. அப்போதும் அது தொடையோடு நின்ற சமாச்சாரமாக இல்லை. பிடரியில் வரும், முதுகில் வரும், வயிற்றில் வரும். தலைவலிக்கும் நரம்பு வலிக்கும் அதுவே காரணம் என்று சொன்னார்கள். கிள்ளிப் பார்த்து வலித்தால் செல்லுலீத். சோதனையும் விரல்தான், சிகிச்சையும் விரல்தான். நோயைக் கண்டுபிடிப்பவரும் குணப்படுத்துபவரும் ஒருவராகவே இருந்தால் நோயாளிகளுக்குப் பஞ்சம் வராது.

மருத்துவச் சஞ்சிகைகளிலிருந்து பெண்கள் பத்திரிகைக்கு அது தாவியது 1933இல். பிரான்சின் 'வோத்ர் போத்தே' இதழ் அந்த ஆண்டு செல்லுலீத்தை வாசகிகளுக்கு அறிமுகப்படுத்தியது. அந்தப் பத்திரிகைக்குப் பின்னால் இருந்தவர் லோரேயால் நிறுவனத்தின் அதிபர் யூஜின் ஷூலேர். இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. 1936இல் பிரான்சின் மக்கள் முன்னணி அரசு தொழிலாளர்களுக்கு ஆண்டுக்கு இரண்டு வாரம் சம்பளத்துடன் விடுப்பு கொடுத்தது. அதுவரை கடலைப் பார்த்திராத குடும்பங்கள் கடற்கரைக்குப் போயின. 1946இல் லூயி ரெயார் என்ற வடிவமைப்பாளர் பிகினி நீச்சலுடையைக் காட்டினார். பாவாடை விளிம்பு மேலே ஏற ஏற, நோய் பிடரியிலிருந்து கீழே இறங்கித் தொடையில் வந்து உட்கார்ந்துகொண்டது. இத்தனைக்கும் ரூபன்ஸ் 1630களில் தீட்டிய 'மூன்று அழகியர்' ஓவியத்தில் அதே குழிகள் இடுப்பிலும் தொடையிலும் பளிச்சென்று தெரிகின்றன. அவற்றை ஓவியர் மறைக்கவில்லை, பார்த்தவர்களும் நோய் என்று சொன்னதில்லை.

செல்லுலீத்துக்கென்றே பிரெஞ்சு மசாஜ்காரர்கள் வைத்திருந்த கைவேலைக்குப் பல்பே-ரூலே என்று பெயர். எண்ணெய் குறைவாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் பிடி வழுக்கும். இரு கைகளின் பெருவிரல்களும் ஒரு பக்கம், மற்ற விரல்கள் எதிர்ப்பக்கம். நடுவில் தோலை மடிப்பாகத் தூக்கிப் பிடிக்கிறார்கள். பெருவிரல்கள் தள்ள, மற்ற விரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக முன்னே நடந்து புதுத்தோலை உள்ளே இழுக்கின்றன. மடிப்பு அலைபோல முழங்காலிலிருந்து இடுப்புவரை உருண்டு போகிறது. முதல் சில தடவைகளில் நன்றாகவே வலிக்கும். தோல் சிவந்து சூடேறும். அழுத்தம் கூடினால் மறுநாள் கன்றிப்போய் நிற்கும். வலித்தால்தான் வேலை செய்கிறது என்று நம்பிய வாடிக்கையாளர்கள் உண்டு, சொன்ன மசாஜ்காரர்களும் உண்டு.

இதற்கு நேர் எதிரான ஒரு கை அதே காலத்தில், அதே பிரான்சில் பிறந்தது. எமில் வொடர், எஸ்ட்ரிட் வொடர் என்ற டென்மார்க் தம்பதி கான் நகரில் மசாஜ் தொழில் நடத்திவந்தார்கள். நாட்பட்ட சளியும் சைனஸ் தொல்லையுமாக வந்தவர்களின் கழுத்தில் நிணநீர்க் கணுக்கள் வீங்கியிருப்பதைக் கவனித்தார்கள். நிணநீர்க் கணுக்களில் கைவைக்கவே கூடாது என்பது அன்றைய மருத்துவர்களின் எச்சரிக்கை. வொடர் தம்பதி மிக மெதுவாக, தோலை மட்டும் வட்டமாக இழுத்து விடுவதுபோல ஒரு முறையை 1932 வாக்கில் உருவாக்கி, 1936இல் பாரிசில் நடந்த உடல்நல, அழகுக் கண்காட்சியில் காட்டினார்கள். இதில் தோல் சிவந்தால் தப்பு. நிணநீர் நாளங்கள் தோலுக்கு வெகு அருகில், மெல்லிய சுவரோடு ஓடுகின்றன; அழுத்திப் பிசைந்தால் அவை மூடிக்கொள்ளும்.

வொடர் மருத்துவப் பட்டம் பெற்றவர் அல்லர். ஆகவே மருத்துவர்கள் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. பல ஆண்டுகள் அந்த முறையைக் காப்பாற்றியவர்கள் அழகு நிலையத்துப் பெண்கள்தான். 1960களில் யோஹன்னஸ் அஸ்டோங்க் என்ற ஜெர்மன் மருத்துவர் அதைப் பரிசோதித்துப் பார்த்தார். 1970களில் ஜெர்மனியின் மருத்துவக் காப்பீடு அதற்குப் பணம் கொடுக்கத் தொடங்கியது. மார்பகப் புற்றுநோய் அறுவைக்குப் பிறகு கை வீங்கிப்போகும் பெண்களுக்கு, கட்டுத்துணியோடு சேர்த்துச் செய்யப்படும் அந்த வடிகால் மசாஜ் இன்று உலகெங்கும் மருத்துவமனைச் சிகிச்சை. யானைக்கால் நோயில் கால் வீங்குவதும் இதே நிணநீர்த் தேக்கத்தால்தான். செல்லுலைட்டுக்காக மேசையில் படுப்பவர்களுக்கு இந்தக் கை கொடுப்பதும் கொஞ்சம் நீர் வடிதல்தான். ஆனால் செல்லுலைட் நீர் தேங்குவதால் வருவது அன்று.

பிறகு எதனால்? பதில் 1978இல் வந்தது, அதுவும் கிண்டலான தலைப்போடு. நியூர்ன்பெர்கர், முல்லர் என்ற இரு ஜெர்மன் மருத்துவர்கள் தங்கள் கட்டுரையில் செல்லுலைட்டை 'இட்டுக்கட்டிய நோய்' என்றே சொல்லிவிட்டார்கள். தோலையும் அதற்கடியில் உள்ள கொழுப்பையும் வெட்டிப் பார்த்தபோது அவர்கள் கண்டது இது: தோலைக் கீழே உள்ள படலத்தோடு கட்டிவைக்கும் நார்ப்பட்டைகள் பெண்களுக்குப் பெரும்பாலும் செங்குத்தாக நிற்கின்றன. கொழுப்பு அந்தப் பட்டைகளுக்கு நடுவே மேல்நோக்கிப் பிதுங்குகிறது, பட்டை இழுத்துப் பிடித்த இடம் குழிகிறது. மெத்தைக்குப் பொத்தான் வைத்துத் தைத்த மாதிரி. ஆண்களுக்கு அந்தப் பட்டைகள் குறுக்கும் நெடுக்குமாக, வலைப்பின்னலாகப் போகின்றன; கொழுப்பு இருந்தாலும் மேலே பிதுங்க வழியில்லை. பருவமடைந்த பெண்களில் 80 முதல் 90 விழுக்காட்டினருக்கு ஏதோ ஓர் அளவில் இது இருக்கிறது என்பது இன்று தோல் மருத்துவ நூல்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. ஒல்லியானவர்களுக்கும் உண்டு. பத்தில் எட்டுப் பேருக்கு இருப்பதை நோய் என்று சொன்னால் மீதி இரண்டு பேரைத்தான் விசாரிக்கவேண்டும்.

ஆனால் அந்தக் கட்டுரை வருவதற்குள் வண்டி புறப்பட்டுப் போயிருந்தது. 1968இல் அமெரிக்க 'வோக்' இதழ் இந்தப் பிரெஞ்சுச் சொல்லைக் கொண்டுபோய் அமெரிக்கப் பெண்களிடம் சேர்த்தது. 1973இல், நியூயார்க்கில் அழகு நிலையம் நடத்திய நிக்கோல் ரோன்சார் செல்லுலைட் பற்றி எழுதிய புத்தகம் விற்றுத் தள்ளியது. உணவு, மூச்சுப்பயிற்சி, உடற்பயிற்சி, மசாஜ் என்று பிரெஞ்சு மசாஜ் அறையின் மொத்தச் சரக்கும் அதில் இருந்தது. கிரீம், மாத்திரை வியாபாரம் பின்னாலேயே வந்தது. 1999இல் அமெரிக்காவில் இறங்கிய செல்லசீன் என்ற மாத்திரைக்கு ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்ததாக அந்நாட்டு வணிக ஆணையம் வழக்குப் போட்டது. வாடிக்கையாளர்களுக்கு 1 கோடியே 20 லட்சம் டாலர் வரை திருப்பித் தர 2003இல் நிறுவனம் ஒத்துக்கொண்டது.

கை செய்த வேலைக்கு இயந்திரம் வந்த கதை இன்னும் சுவையானது. லூயி-போல் கிதே என்ற பிரெஞ்சுப் பொறியாளர் கார் விபத்தில் அடிபட்டு, தழும்பேறிய தோலை இளக்க மசாஜ் சிகிச்சை எடுத்துக்கொண்டார். பல்பே-ரூலே செய்கிறவரின் கை களைத்துப்போகிறது, ஒருநாள் செய்ததுபோல் மறுநாள் இல்லை என்பது பொறியாளரின் கண்ணை உறுத்தியது. 1986இல் தன் பெயரின் முதலெழுத்துகளை வைத்தே எல்பிஜி என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். இரண்டு மோட்டார் உருளைகள், நடுவில் காற்றை உறிஞ்சும் அறை: தோலை உறிஞ்சித் தூக்கி உருட்டிக்கொண்டே போகும். படுத்திருப்பவர் உடம்போடு ஒட்டிய மெல்லிய வெள்ளை உடுப்பு ஒன்றைப் போட்டுக்கொள்ளவேண்டும், தோல் உருளையில் சிக்காமல் இருக்க. தழும்புக்கு வந்தவர்கள் தொடை வழவழப்பானதாகச் சொல்ல, எந்திரம் அழகு நிலையங்களுக்குப் படையெடுத்தது. 1998இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அதற்கு அனுமதி கொடுத்தபோது, செல்லுலைட்டின் தோற்றத்தைத் தற்காலிகமாகக் குறைப்பது என்று அளந்து பேசியது. 'தோற்றம்', 'தற்காலிகம்' ஆகிய இரண்டு வார்த்தைகளும் விளம்பரங்களில் சின்ன எழுத்துக்குப் போய்விடும்.

சோதனைகள் என்ன சொல்கின்றன? 1999இல் வெளியான ஓர் ஆய்வு அந்த எந்திரத்தையும் அமினோஃபைலின் கிரீமையும் 12 வாரம் வைத்துப் பார்த்தது. மேம்பட்டதாகத் தாங்களே சொன்ன பெண்கள் சிலர் இருந்தார்கள். அளவுகளில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. 2010இல் துருக்கி ஆய்வாளர்கள் 60 பெண்களை மூன்றாகப் பிரித்து ஒரு குழுவுக்கு எந்திரம், ஒன்றுக்கு வொடரின் வடிகால், ஒன்றுக்கு இணைப்புத் திசு மசாஜ் என்று கொடுத்தார்கள். மூன்று குழுவிலும் தொடைச் சுற்றளவும் கொழுப்பு மடிப்பின் தடிமனும் குறைந்தன. ஒன்றும் செய்யாத நான்காவது குழு இருந்திருந்தால் அந்த முடிவுக்கு எடை கூடியிருக்கும். நார்ப்பட்டையைக் கையால் அறுக்கவும் முடியாது, கொழுப்பைக் கையால் கரைக்கவும் முடியாது. ரத்த ஓட்டம் கூடுவதும், நீர் வடிவதும், தோல் லேசாக உப்பிக் குழியை மறைப்பதும் நிஜம். சில நாள் நிற்கும், நிறுத்தினால் பழையபடி ஆகிவிடும்.

தமிழ் வாசகர்கள் ஒன்றைக் குழப்பிக்கொள்ளாமல் இருப்பது நல்லது. நம் ஊர் மருத்துவமனைகளில், குறிப்பாகச் சர்க்கரை நோயாளிகளுக்குக் கால் சிவந்து, வீங்கி, காய்ச்சலோடு வரும் செல்லுலைட்டிஸ் வேறு; அது கிருமித் தொற்று. அதற்கு ஆன்டிபயாட்டிக்தான் வேண்டும். அதன்மேல் எண்ணெய் போட்டு உருவினால் ஆபத்து. நாளத்தில் ரத்தம் உறைந்திருக்கிற காலுக்கும் அப்படியே.

நார்ப்பட்டையே காரணம் என்று தெரிந்த பிறகு மருத்துவர்கள் அதையே அறுக்கப் போனார்கள். தோலுக்கடியில் மெல்லிய கத்தியைச் செலுத்திப் பட்டையை வெட்டும் செல்ஃபினா கருவி 2015 வாக்கில் அமெரிக்காவில் சந்தைக்கு வந்தது. பட்டையைக் கரைக்கும் நொதியை ஊசியாகப் போடும் 'குவோ' மருந்து 2020இல் அங்கீகாரம் பெற்றது. ஊசி போட்ட இடம் பலருக்குக் கடுமையாகக் கன்றிப்போய், தோலின் நிறமும் மாறியதால் 2022 டிசம்பரில் அதன் விற்பனையை நிறுத்துவதாக நிறுவனமே அறிவித்தது.

பிரான்சில் பல்பே-ரூலே இன்னும் ஓயவில்லை, அதை யார் செய்யலாம் என்ற சண்டைதான் மாறிக்கொண்டே வந்தது. 1946ஆம் ஆண்டுச் சட்டம் மசாஜைப் பட்டயம் பெற்ற பிசியோதெரபிஸ்ட்டுகளின் கையில் கொடுத்தது. அழகு நிலையத்தார் அதே தொடையை அதே விரல்களால் பிடித்தாலும் 'மொதலாஜ்' என்றுதான் பலகையில் எழுதவேண்டியிருந்தது. மசாஜ் என்று எழுதினால் வழக்கு வரும். அந்த ஏகபோகம் 2016ஆம் ஆண்டின் சுகாதாரச் சட்டத்தோடுதான் தளர்ந்தது. பலகைகளில் இரண்டு பெயருமே இன்றும் இருக்கின்றன.