ராமானுஜன் விட்டுவிட்ட எண்

1729 கதை நம் வீட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். ஆஸ்பத்திரி, டாக்ஸி, ஹார்டி, டக்கென்று வந்த பதில். நானும் என் பெண்ணுக்கு அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள், "அவருக்கு நாமகிரித் தாயார் வந்து சொன்னா, எனக்கு யாருப்பா சொல்லுவா?" என்று கேட்டுவிட்டாள். அதற்கப்புறம் நான் சொல்வது வேறொரு எண்.

6746328388800. நம் கணக்கில் 6,74,632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800.

12ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1, 2, 3, 4, 6, 12 என்று ஆறு காரணிகள். 12க்குக் கீழே எந்த எண்ணுக்கும் ஆறு கிடையாது. இப்படித் தனக்குக் கீழே உள்ள எல்லா எண்களையும் காரணிகளின் எண்ணிக்கையில் மிஞ்சுகிற எண்களுக்கு ராமானுஜன் வைத்த பெயர் 'ஹைலி காம்போசிட் நம்பர்ஸ்'. 24, 60, 360 எல்லாம் இந்த ஜாதிதான். நாளும் மணியும் வட்டமும் அப்படிப் பிரிக்கப்பட்டிருப்பது எவ்வளவு வசதி என்று யோசித்துப் பாருங்கள்.

1914இல் சென்னையிலிருந்து கேம்பிரிட்ஜ் போனவர், 1915இல் லண்டன் கணிதச் சங்க இதழில் இதைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். சங்கத்துக்குப் பண நெருக்கடி. அதனால் பின்பகுதி அப்போது அச்சேறவில்லை, 1997இல்தான் வந்தது. ஆனாலும் 1916இல் அவருக்கு பி.ஏ. பட்டம் வாங்கிக் கொடுத்தது இந்த ஆராய்ச்சிதான்.

கட்டுரையில் ஒரு பட்டியல். மொத்தம் 102 எண்கள். கடைசி எண்தான் மேலே சொன்னது. 2ஐ ஆறு தடவை, 3ஐ நாலு தடவை, 5ஐயும் 7ஐயும் இரண்டிரண்டு தடவை, 11, 13, 17, 19, 23 ஒவ்வொரு தடவை பெருக்கினால் அது வரும். காரணிகள் 10080. கம்ப்யூட்டர் இல்லை, கால்குலேட்டர் இல்லை. எல்லாம் கையால் போட்ட கணக்கு.

விஷயம் இனிமேல்தான். பட்டியலில் 103 எண்கள் இருந்திருக்க வேண்டும். ஒன்றை விட்டுவிட்டார்: 293318625600. அதற்கு 5040 காரணிகள். அதை 23ஆல் பெருக்கிப் பாருங்கள், அவருடைய கடைசி எண்ணே வந்து நிற்கும்! அவ்வளவு பக்கத்துச் சொந்தம், கண்ணில் படவில்லை.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. சாமி சொல்லி எழுதிய பட்டியலில் எண் விட்டுப்போகாது. உட்கார்ந்து, ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, கண் எரிய எழுதியவருக்குத்தான் விட்டுப்போகும். நாம் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விடுவது அந்த உழைப்பைத்தான்.

பெண்ணிடம் அந்த 23 பெருக்கலைக் கொடுத்தேன். இரண்டு தடவை தப்பு. மூன்றாவது தடவை சரியாக வந்தது.