மதுரையில் ஹோம்ஸ்டே: புக் பண்றவங்களும் திறக்கப் போறவங்களும் தெரிஞ்சுக்க வேண்டியவை!

சித்திரைத் திருவிழா தேதி வந்ததுமே ஃப்ரெண்ட்ஸ் குரூப்ல விழும் முதல் கேள்வி, "எங்க தங்குறது?" என்பதுதான். திருக்கல்யாணம், தேரோட்டம், அழகர் வைகையில் இறங்குவது என அடுத்தடுத்து வரும் அந்த நாள்களில் மேலப்பெருமாள் மேஸ்திரி வீதி லாட்ஜ்களில் ரூம் கிடைப்பது குதிரைக்கொம்பு. அப்போதுதான் ஏதாவது ஓர் ஆப்பில் 'முழு வீடு, 6 பேர் தங்கலாம், கோபுர வியூ' என்று ஒரு போட்டோ கண்ணில் படும். தலைக்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால் லாட்ஜைவிடக் குறைவாகக்கூட வரும். புக் பண்ணலாமா? தாராளமா பண்ணலாம். ஆனா, சில விஷயங்களைப் பார்த்துட்டுப் பண்ணுங்க.

வெளியூர்க்காரங்களுக்குத் தங்க இடம் கொடுப்பது மதுரைக்குப் புதுசில்லை. ரயில்வே ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் எதிரே இருக்கிறது மங்கம்மாள் சத்திரம். 1689 முதல் மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள், சாலைகளும் சத்திரங்களும் அமைத்ததற்காகவே இன்றும் பேசப்படுகிறவர். ஏர்பிஎன்பி பிறந்த கதை வேறு. 2007-ல் சான் பிரான்சிஸ்கோவில் வாடகை கட்டத் திணறிய இரண்டு இளைஞர்கள், தங்கள் வீட்டில் காற்றடைத்த மெத்தைகளைப் போட்டு, மாநாட்டுக்கு வந்தவர்களைத் தங்கவைத்துக் காசு பார்த்தார்கள். அடுத்த வருடம் அதுவே கம்பெனியானது. சத்திரத்தில் வசதி குறைந்தால் யாரையும் கேட்க முடியாது. இங்கே காசு கொடுக்கிறீங்க, கேட்கலாம். கேட்கணும்.

'கோபுர வியூ'ல என்ன சிக்கல்?

மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றியுள்ள பகுதியில் கட்டடங்களுக்கு 9 மீட்டர் உயரக் கட்டுப்பாடு உண்டு. தெற்குக் கோபுரமோ ஏறத்தாழ 170 அடி. அதனால், மாசி வீதிகளுக்குள் இருக்கும் பல மொட்டை மாடிகளிலிருந்து கோபுரம் தெரிவது உண்மைதான். சிக்கல் என்னன்னா, அந்த வியூ கிடைப்பது பெரும்பாலும் மாடியில் தனியாக எழுப்பிய ரூமில். மேலே கான்கிரீட்டா, தகர ஷீட்டா என்று கேளுங்க. பகல் முழுக்க வெயில் குடித்த கூரை ராத்திரியும் அனல் கக்கும். மதுரை ஏப்ரல்ல ஏசி இல்லாத மாடி ரூம் வேண்டவே வேண்டாம், வியூ எவ்வளவு அழகா இருந்தாலும்!

'கோயிலிலிருந்து 5 நிமிடம்' என்று போட்டிருந்தால், நடந்தா, ஆட்டோவிலா என்றும் கேளுங்க. சித்திரை வீதிகளில் வண்டி போகாது. தேரோட்டத்தன்று மாசி வீதிகளிலும் போக்குவரத்து நின்றுவிடும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியதுதான். 2018 தீ விபத்துக்குப் பிறகு கோயிலுக்குள் செல்போனுக்கும் அனுமதி இல்லை.

சென்னையிலிருந்து வருகிறவர்கள் கவனிக்காமல் விடுவது செக்-இன் நேரம். பாண்டியன் எக்ஸ்பிரஸ் விடியற்காலையிலேயே உங்களை மதுரையில் இறக்கிவிடும். ஆம்னி பஸ் என்றாலும் மாட்டுத்தாவணியில் அதே கதைதான். ஆப்பில் எடுத்த வீடு திறப்பது மதியம் 12 மணிக்கோ 2 மணிக்கோ. நடுவில் குளிப்பது எங்கே, பையை வைப்பது எங்கே? 24 மணி நேர செக்-அவுட் வைத்திருக்கும் லாட்ஜ்கள் இந்த ஒரு விஷயத்தில் ஹோம்ஸ்டேக்களைவிட எவ்வளவோ மேல். புக் பண்ணும் முன்பே "காலைல 6 மணிக்கு வரலாமா, எக்ஸ்ட்ரா எவ்வளவு?" என்று ஆப் சாட்டிலேயே கேட்டுடுங்க. போனில் வாங்கும் வாக்குறுதி பிரச்னை வரும்போது உதவாது.

அட்வான்ஸ் எங்கே போகுது?

விழா நேரத்தில் போலிகளும் முளைக்கும். கேதார்நாத், சோம்நாத் போன்ற தலங்களில் தங்குமிடம் புக் செய்து தருவதாகப் போலி வெப்சைட்டுகள் ஏமாற்றுவதாக 2025 ஏப்ரலில் மத்திய அரசின் சைபர் குற்றத் தடுப்பு மையமே எச்சரித்தது. "ஆப்ல கமிஷன் போகுது, நேரா ஜிபே பண்ணுங்க, 500 ரூபா குறைச்சுக்கிறேன்" என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்திக்கோங்க. ஆப்புக்கு வெளியே கட்டிய பணத்துக்கு ஆப் பொறுப்பேற்காது. ஏமாந்துட்டீங்கன்னா உடனே 1930-க்கு அடிங்க. தாமதிக்கிற ஒவ்வொரு மணி நேரமும் பணம் கைமாறிக்கொண்டே இருக்கும்.

அடையாள அட்டை கேட்பார்கள், கொடுக்கத்தான் வேண்டும். ஆதார்தான் என்றால், கடைசி 4 எண்கள் மட்டும் தெரியும் 'மாஸ்க்டு ஆதார்' டவுன்லோடு செய்து வைச்சுக்கோங்க. டிரைவிங் லைசென்ஸும் காட்டலாம்.

பலரும் வெளியே கேட்கத் தயங்கும் விஷயம் ஒன்று: திருமணம் ஆகாத ஜோடி தங்கலாமா? கோயம்புத்தூரில் ஒரு சர்வீஸ் அபார்ட்மென்ட்டில் அப்படி ஒரு ஜோடி தங்கியிருந்ததைக் காரணம் காட்டி 2019-ல் அதிகாரிகள் சீல் வைத்தார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. திருமணமாகாத இருவர் ஒரே அறையில் தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை என்று சொல்லி, அந்த ஆண்டு டிசம்பரில் சீலை அகற்ற உத்தரவிட்டது. இருவரும் 18 வயதைத் தாண்டிய, சம்மதத்துடன் தங்கும் வயது வந்தவர்கள் என்றால் அது குற்றமில்லை. அதேநேரம், வீட்டுக்காரர் தன் வீட்டுக்கு விதி வைத்திருக்கலாம். ராத்திரி 10 மணிக்கு வாசலில் நின்று வாக்குவாதம் பண்றதைவிட, முன்கூட்டியே எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

கேமரா விஷயத்தில் சமரசமே வேண்டாம். 2024 ஏப்ரல் 30 முதல் வீட்டுக்குள் கேமரா வைப்பதையே ஏர்பிஎன்பி உலகம் முழுக்கத் தடை செய்துவிட்டது. ஹாலில் 'பாதுகாப்புக்காக' வைத்திருப்பதும் இதில் அடக்கம். குளியலறையிலோ படுக்கையறையிலோ ஏதாவது கிடைத்தால் அதைக் கையால் தொடாம போட்டோ எடுங்க, வெளியே வந்து 112-க்குக் கூப்பிடுங்க. ஒரு பெண்ணின் அந்தரங்கத்தை அவருக்குத் தெரியாமல் படம் பிடிப்பது பி.என்.எஸ் 77-வது பிரிவின் கீழ் குற்றம். முதல் முறைக்கே 1 முதல் 3 ஆண்டுகள் வரை சிறை.

நாமளே ஒண்ணு ஆரம்பிச்சா?

அப்பா கட்டிய மாடி வீடு சும்மா கிடக்கிறது என்றால் யோசிக்கலாம். ஆனால், ரீல்ஸ் பார்த்துட்டு வீட்டை வாடகைக்கு எடுத்து, அதை நாள் வாடகைக்கு விடப் போறீங்கன்னா ஒரு நிமிஷம். ஒரு பேச்சுக்கு, மாத வாடகை 15,000 ரூபாய், நாளுக்கு 1,800 வாங்குறீங்க, மாசத்துல 10 நாள் ஆள் வருதுன்னு வைச்சுக்கோங்க. கைக்கு வருவது 18,000. ஆப் கமிஷன், பெட்ஷீட் சலவை, சுத்தம் செய்யும் அக்காவுக்குச் சம்பளம், ஏசி கரன்ட் பில் எல்லாம் கழித்தால் சொந்தக் காசுதான் போகும். சித்திரையும் தை மாச ஜல்லிக்கட்டும் நிரப்பித்தரும் சில நாள்களை நம்பி வருஷம் முழுக்க வாடகை கட்ட முடியாது.

வீடு சொந்தமாக இருந்தால் கணக்கு மாறும். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட் திட்டத்தில் 1 முதல் 6 அறைகள் வரை பதிவு செய்யலாம், குடும்பத்தோடு நீங்களும் அங்கேயே குடியிருக்க வேண்டும். தமிழ்நாடு சுற்றுலாத் துறையிலும் பதிவு இருக்கிறது. ஹோம்ஸ்டேக்களுக்கு முத்ரா கடன் தரப்படும் என 2025 மத்திய பட்ஜெட்டில் அறிவித்தார்கள். வெளிநாட்டுக்காரர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் குடியேற்றத் துறைக்கு ஆன்லைனில் தகவல் கொடுத்தாக வேண்டும். 'சி ஃபார்ம்' என்று ஹோட்டல்காரர்கள் சொல்வது இதைத்தான். ஒரே ஒரு விருந்தாளி, ஒரே ஒரு ராத்திரி என்றாலும் விலக்கு கிடையாது. வீட்டு மின் இணைப்பிலேயே நடத்தலாமா என்பதை மின்வாரிய அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்க.

கீழடி, அலங்காநல்லூர் பக்கம் தோப்போடு வீடு இருக்கிறவர்களுக்கு டவுனைவிட நல்ல வாய்ப்பு என்பது என் கணிப்பு. 2023-ல் கீழடி அருங்காட்சியகமும், 2024-ல் கீழக்கரையில் ஜல்லிக்கட்டு அரங்கமும் திறந்தாச்சு. பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட முதல்லயே சொல்லிடுங்க. தெருவில் வண்டி நிறுத்துவதிலும் ராத்திரிப் பாட்டிலும்தான் முதல் சண்டை வரும்.

முதல் புக்கிங்கைத் திறக்கும் முன்னாடி அந்த ரூமில் நீங்களே ஒரு ராத்திரி படுத்துப் பாருங்க. ஏப்ரல் மாசத்துல, இன்வெர்ட்டர்ல மட்டும்.