அபராதம் கட்டினால் மட்டும் விடாது! லைசென்சுக்கு வேட்டு வைக்கும் 'புள்ளி' கணக்கு

ஒரத்தநாடு:-

நடவு சீசன் வந்துவிட்டால் ஒரத்தநாடு சுற்றுவட்டாரத்தில் 'குட்டி யானை' வண்டிகளின் பின்னால் ஆட்களை ஏற்றிக்கொண்டு போவது சகஜம். போலீஸ் மடக்கினால் அபராதம் கட்டிட்டு போயிடலாம் என்பது பல டிரைவர்களின் நினைப்பு. ஆனால் விவகாரம் அதோடு முடிவதில்லை.

சரக்கு வண்டியில் ஆள் ஏற்றினால் லைசென்சை குறைந்தது 3 மாதம் முடக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு அமைத்த சாலை பாதுகாப்பு குழு 2015-ம் ஆண்டே மாநிலங்களுக்கு சொல்லிவிட்டது. அதிவேகம், சிக்னல் மீறல், அதிக பாரம், குடித்துவிட்டு ஓட்டுவது, செல்போன் பேசிக்கொண்டே ஓட்டுவது ஆகியவற்றுக்கும் இதே கதிதான். ஹெல்மெட் போடாதவர்களின் லைசென்சையும் 3 மாதம் முடக்க 2019-ல் திருத்திய சட்டத்தில் இடம் இருக்கிறது.

சிங்கப்பூர் கணக்கு

வெளிநாடுகளில் இதற்கு புள்ளி போடுகிறார்கள். பரீட்சையில் மார்க் ஏறினால் சந்தோஷம், இங்கே ஏறினால் ஆபத்து. சிங்கப்பூரில் வண்டி ஓட்டும் நம்ம ஊர் ஆட்களுக்கு இது நன்றாகவே தெரியும். அங்கே சிவப்பு சிக்னலை தாண்டினால் 12 புள்ளி. 2 வருடத்துக்குள் 24 புள்ளி சேர்ந்தால் முதல் தடவை 12 வாரம் லைசென்சு முடக்கம். அதாவது 2 சிக்னல் போதும், ஆள் அவுட். தொடர்ந்து 12 மாதம் தப்பு செய்யாமல் ஓட்டினால் பழைய புள்ளி அழிந்துவிடும்.

பக்கத்திலேயே தெலுங்கானாவில் 2017 ஆகஸ்டு 1-ந்தேதி இந்த முறையை கொண்டு வந்தார்கள். ஹெல்மெட் இல்லை என்றால் 1 புள்ளி. குடித்துவிட்டு மோட்டார் சைக்கிள் ஓட்டினால் 3, கார் என்றால் 4, பஸ், ஆட்டோ என்றால் 5. 24 மாதத்தில் 12 புள்ளி சேர்ந்தால் ஒரு வருடம் லைசென்சு போச்சு.

தமிழ்நாட்டில் புள்ளி முறை இல்லை. ஆனால் எண்ணிக்கை வந்துவிட்டது. 2026 ஜனவரியில் மத்திய அரசு திருத்திய விதிப்படி, ஒரே ஆண்டில் 5 அல்லது அதற்கு மேல் போக்குவரத்து குற்றம் செய்தால் லைசென்சை முடக்கலாம். முந்தைய ஆண்டு கணக்கு இதில் சேராது.

விளக்கம் சொல்லலாம்

எடுத்த எடுப்பில் முடக்கிவிட முடியாது. ஆர்.டி.ஓ. ஆபீசில் இருந்து நோட்டீசு வரும், டிரைவரின் விளக்கத்தை கேட்க வேண்டும். நோட்டீசை மடித்து பையில் வைத்துக்கொண்டு போகாமல் இருந்துவிட்டால் நஷ்டம் நமக்குத்தான். உத்தரவு வந்தபிறகும் 30 நாளில் அப்பீல் செய்யலாம். முடக்கிய காலத்தில் வண்டியை எடுத்தால் 3 மாதம் வரை ஜெயில், அல்லது 10 ஆயிரம் ரூபாய் அபராதம், இல்லையென்றால் இரண்டும் சேர்ந்தே கிடைக்கும்.

விடியற்காலை நடவுக்கு போகிற பெண்களுக்கு பஸ் எங்கே இருக்கிறது என்று வண்டிக்காரர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் வண்டி கவிழ்ந்தால் நிலைமை வேறு. சரக்கு வண்டியில் சும்மா ஏறிப்போனவர்களுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பல்ல என்று சுப்ரீம் கோர்ட்டு ஏற்கனவே தீர்ப்பு சொல்லியிருக்கிறது. நஷ்டஈடு மொத்தமும் வண்டி ஓனர் தலையில் விழும். அவரிடம் காசு இல்லை என்றால் அடிபட்ட குடும்பத்துக்கு கையில் ஒன்றும் வராது.

உங்கள் வண்டி மேல் எத்தனை அபராதம் நிற்கிறது என்பதை 'பரிவாகன்' இணையதளத்தில் வண்டி நம்பரை போட்டு பார்க்கலாம். வண்டி வாங்கும்போது கொடுத்த செல்போன் நம்பர் மாறியிருந்தால் மெசேஜ் வராது. முதலில் அதை மாற்றிவிடுங்கள்.