ஆண்ட்ராய்டின் மாதாந்தரப் பாதுகாப்புத் திருத்தங்கள்

ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்கு மாதந்தோறும் பாதுகாப்புத் திருத்தம், அதாவது மென்பொருளின் ஓட்டைகளை அடைக்கும் சிறு நிரல்மாற்றம், அனுப்பும் வழக்கம் 2015 ஆகஸ்டில் தொடங்கியதற்கு, அதற்கு முந்தைய மாதம் ஜோஷுவா டிரேக் என்ற ஆய்வாளர் வெளிப்படுத்திய 'ஸ்டேஜ்ஃபிரைட்' வழுவே உடனடிக் காரணமாயிற்று. ஒளி, ஒலிக் கோப்புகளைப் பிரித்துப் படிக்கும் நிரலகமான ஸ்டேஜ்ஃபிரைட், எம்பி4 கோப்பு தரும் இரு அளவுகளைக் கூட்டும்போது விடை 32 பிட்டுக்குள் அடங்காமல் சிறிய எண்ணாகச் சுருங்க, அதை நம்பி ஒதுக்கிய குறுகிய நினைவகத்தில் பெரிய தரவு எழுதப்பட்டு வழிந்தது. பயனர் திறக்காத ஒரு எம்எம்எஸ் செய்தியே தாக்குதலுக்குப் போதுமானதாக இருந்தது.

திருத்தம் எழுதுவதைவிட அதைக் கொண்டுசேர்ப்பதே கடினமாக இருந்தது. கூகுள் எழுதிய நிரல் சில்லு உற்பத்தியாளர், கைப்பேசி நிறுவனம், பல நாடுகளில் தொலைத்தொடர்பு நிறுவனம் எனக் கைமாறியே பயனரை அடைந்ததால், விலை குறைந்த பல கைப்பேசிகளுக்கு அது வந்துசேரவே இல்லை என்பதில் வியப்பில்லை. அதே ஆண்டு அக்டோபரில் வெளிவந்த ஆண்ட்ராய்டு 6.0, இறுதியாகப் பெற்ற திருத்தத்தின் தேதியை அமைப்புகள் பக்கத்தில் காட்டத் தொடங்கியது. 2017-இல் ஆண்ட்ராய்டு 8.0-உடன் வந்த 'டிரெபிள்' திட்டம், சில்லுக்குரிய நிரலையும் இயங்குதளத்தையும் தனித்தனியே பிரித்து வைத்தது.