தண்ணி வரும் முன்னே: மேட்டூர் நீர்த்தேக்கமும் வீட்டுச் சாமானும்

வீடு மாற்றும்போது பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் ஆட்கள் முதலில் கேட்பது சாமான் பட்டியல். ஃப்ரிட்ஜ் ஒண்ணு, பீரோ ரெண்டு, கட்டில் மூணு, அட்டைப்பெட்டி இத்தனை என்று எழுதிக்கொண்டு கடைசியில் ஒரு தொகை போடுவார்கள். அந்தப் பட்டியலில் கதவு இருக்காது, உத்திரம் இருக்காது, கூரை ஓடு இருக்காது. அதெல்லாம் வீடு, சாமான் இல்லை. இந்தப் பாகுபாடு எவ்வளவு புதுசு என்பது, மேட்டூர் அணைக்காக ஊரைக் காலி செய்தவர்களைப் பற்றிக் குறிப்பெடுக்க உட்கார்ந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

மேட்டூர் என்றதும் சேலம் மாவட்டம், தஞ்சாவூர்ப் பாசனம் என்றுதான் நினைப்போம். ஆனால் நீர்த்தேக்கத்தின் மேல்பகுதி தருமபுரி மாவட்டம் பென்னாகரம் வட்டத்துக்குள் வருகிறது. நாகமரை, ஒட்டனூர் எல்லாம் அதன் கரையில் இருக்கிற ஊர்கள். (அந்தக் காலத்தில் இந்தப் பக்கமும் சேலம் மாவட்டம்தான். தருமபுரி தனி மாவட்டமானது 1965 அக்டோபர் 2-ல்.) எதிர்க்கரையில் பண்ணவாடி, கோட்டையூர். இங்கிருந்து அங்கே போக இன்றைக்கும் படகு. சாலை வழி என்றால் மேட்டூரைச் சுற்ற வேண்டும். நடுவில் ஆறு இருந்த காலம் போய் ஏரி வந்ததில், அக்கரைச் சொந்தங்கள் தூரத்துச் சொந்தங்கள் ஆகிவிட்டன.

விவரம் சுருக்கமாக: 1924 பிப்ரவரியில் சென்னை மாகாணத்துக்கும் மைசூருக்கும் காவிரி ஒப்பந்தம். 1925-ல் வேலை ஆரம்பம். 1934 ஆகஸ்ட் 21-ல் திறப்பு. அப்போதைய கவர்னர் ஸ்டான்லி பெயர் நீர்த்தேக்கத்துக்கு. 120 அடி நிரம்பினால் 93.47 டி.எம்.சி. தண்ணீர், 59.25 சதுர மைல் பரப்பு. புள்ளிவிவரப் பிரியர்கள் முதல் எண்ணைத்தான் பேசுவார்கள். எனக்கு இரண்டாவது எண்தான் முக்கியம். அந்தச் சதுர மைல்களுக்குள் அடுப்பு எரிந்த வீடுகள் இருந்தன.

ஆரம்பத்துக்கும் திறப்புக்கும் நடுவில் ஒன்பது வருஷம். ஐ.டி. கம்பெனியில் நோட்டீஸ் பீரியட் மூன்று மாதம், அதையே தாங்க முடியவில்லை என்கிறோம். ஒன்பது வருஷம் கையில் இருந்தால் நிதானமாகக் கட்டி எடுத்துப் போயிருக்கலாமே என்று தோன்றும். அன்றைய வீட்டை எப்படிக் கட்டினார்கள் என்று யோசித்தால் அது அவ்வளவு லேசில்லை என்று தெரியும்.

மண் சுவர் வீட்டில் விலை போகிற பொருள் மரம். நிலை, கதவு, உத்திரம், விட்டம், கைமரம். ஓட்டு வீடாக இருந்தால் ஓடு. சுவரை எங்கேயும் மறுபடி எழுப்பிக்கொள்ளலாம், மண் எங்கேயும் கிடைக்கும். மரம் கிடைக்காது. அதனால் நம் பக்கத்தில் வீட்டைப் பிரித்தால் பழைய மரத்தை யாரும் விட்டுவிட்டுப் போவதில்லை. சாமானோடு வீடும் வண்டி ஏறும். நீர்த்தேக்கத்துக்குள் இருந்த ஊர்களிலும் இப்படித்தான் நடந்திருக்க வேண்டும்.

இதில்தான் சிக்கல். புது வீட்டுக்குக் கூரை போட பழைய வீட்டு உத்திரம் வேண்டும். பழைய வீட்டு உத்திரத்தை இறக்கினால் இருக்க இடமில்லை. ஓட்டைப் பிரிக்காமல் கைமரத்தைக் கழற்ற முடியாது, கைமரத்தைக் கழற்றாமல் உத்திரத்தை இறக்க முடியாது. என் தொழிலில் இதற்கு சர்க்குலர் டிபெண்டென்சி என்று பெயர். ஒன்று முடிந்தால்தான் மற்றது, மற்றது முடிந்தால்தான் இது. இதை உடைக்க ஒரே வழி, நடுவில் பந்தலிலோ சொந்தக்காரர் வீட்டுத் திண்ணையிலோ சில மாதம் கிடப்பது. ஒருதரம் குடிபோவது என்று நாம் சொல்வது அவர்களுக்கு ரெண்டு தரம்.

பிறகு சாமான். அம்மி, ஆட்டுக்கல், உரல், திருகை. கனம்தான், ஆனாலும் வண்டியில் உருட்டி ஏற்றிவிடலாம். மண்ணால் செய்த குதிரைத் தூக்க முடியாது, உடைந்துவிடும். இந்தப் பக்கம் கேழ்வரகைக் குழியில் கொட்டி வைக்கிற வழக்கம் உண்டு. குழியை எப்படிப் பெயர்ப்பது? திறந்து, ராகியை மூட்டையில் பிடித்து, புது இடத்தில் புதுக் குழி வெட்ட வேண்டும். மாடு தானே நடந்து வரும், ஆனால் அதன் தீவனம் நடக்காது. வைக்கோல் போரை ஏற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கனமே இல்லாத பொருள்தான் வண்டியை அதிகமாக அடைக்கும்.

இன்னொரு விஷயம் காலண்டர். ஆடியிலும் மார்கழியிலும் குடிபோக மாட்டார்கள். காவிரியில் வெள்ளம் வருவதோ ஆடியில். அதாவது, யாரும் வீடு மாற்றாத மாதத்தில்தான் தண்ணீர் வீடு தேடி வரும். ஆகவே அறுவடை முடிந்து, தை தொடங்கி வைகாசிக்குள் கிளம்பியாக வேண்டும். ஒன்பது வருஷம் என்பது காகிதக் கணக்கு. வருஷத்துக்குச் சில மாதம் என்பதுதான் நிஜக் கணக்கு.

சரி, செலவை யார் கொடுத்தார்கள்? அன்றைக்கு நடைமுறையில் இருந்தது 1894-ஆம் வருஷத்து நில எடுப்புச் சட்டம். அதன் 23-ஆம் பிரிவு ஈட்டுத்தொகையில் எதையெல்லாம் சேர்க்கலாம் என்று வரிசைப்படுத்துகிறது. நிலத்தின் சந்தை விலை, நிற்கிற பயிர், மரம் என்று போய், ஐந்தாவதாக, குடியிருப்பை மாற்ற வேண்டி வந்தால் அதற்காகும் நியாயமான செலவு. இதற்கு மேல், கட்டாயமாக எடுக்கிறோம் என்பதற்காகச் சந்தை விலையில் நூற்றுக்குப் பதினைந்து கூடுதல். பரவாயில்லையே என்று அடுத்த பிரிவுக்குப் போனால், எதையெல்லாம் கணக்கில் எடுக்கக் கூடாது என்று இன்னொரு வரிசை. அதில் இரண்டாவது, நிலத்தை விட்டுப் பிரிய உரிமையாளருக்கு மனசில்லாமை. மனசில்லை என்பது ஒரு தனிப் பொருள் என்று சட்டத்துக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தே அதற்கு விலை பூஜ்யம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நான் படித்த சட்ட வாசகங்களில் இவ்வளவு நேர்மையானது வேறில்லை, இவ்வளவு ஈவிரக்கமற்றதும் வேறில்லை.

இதெல்லாம் பட்டா உள்ளவனுக்கு. அடுத்தவர் நிலத்தில் குடிசை போட்டுக் கூலி வேலை பார்த்த குடும்பத்துக்கு நிலத்தின் விலையில் என்ன பங்கு? விவசாயக் கூலிகளும் குத்தகைதாரர்களும் பாதிக்கப்பட்ட குடும்பம்தான் என்று தெளிவாகச் சேர்த்தது 2013-ஆம் வருஷத்துப் புதுச் சட்டம். இடம்பெயரும் குடும்பத்துக்குப் போக்குவரத்துச் செலவாக 50,000 ரூபாய் தர வேண்டும் என்கிறது அது. எதற்கு? குடும்பம், கட்டுமானப் பொருட்கள், உடைமைகள், கால்நடைகள். கட்டுமானப் பொருட்களைத் தனியாகச் சொல்லியிருப்பதைக் கவனியுங்கள். இதை எழுதியவருக்கு வீடும் வண்டி ஏறும் என்று தெரிந்திருக்கிறது.

தண்ணீர் எழுபது, எண்பது அடி வாக்கில் இறங்கும் வருஷங்களில் பண்ணவாடிப் பக்கம் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் பழைய கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரமும் வெளியே வரும். பேப்பரில் படம் போடுவார்கள், ஜனம் செல்ஃபி எடுக்கப் போகும். மூழ்கிய ஊர் என்று தலைப்பு இருக்கும். என்னைக் கேட்டால், நாம் பார்ப்பது ஊரை இல்லை, ஊர் எடுத்துப் போகாததை. கல்லையும் எடுத்துப் போக முடியாது என்றில்லை. நாகார்ஜுனசாகருக்காக நாகார்ஜுனகொண்டாவின் சின்னங்களைப் பெயர்த்து மேட்டில் வைத்தார்கள். எகிப்தில் அபு சிம்பல் கோயிலையே 1964 முதல் 1968 வரை துண்டு துண்டாக அறுத்து 65 மீட்டர் உயரே ஏற்றினார்கள். அதற்கெல்லாம் அரசாங்கமும் யுனெஸ்கோவும் வேண்டும்.

சாதாரண ஜனத்துக்குச் சாமியை எடுத்துப் போக வேறு முறை உண்டு, பிடிமண். குலதெய்வம் இருக்கிற இடத்தில் ஒரு பிடி மண் எடுத்து, துணியில் முடிந்து, போகிற ஊரில் வைத்துக் கும்பிட ஆரம்பித்தால் அதுவே கோயில். நந்தியின் கனத்துக்கு இது எதிர்க்கோடி. செலவில்லை, வண்டியில் இடம் அடைக்காது. ஊர்ப்பெயரும் அப்படித்தான். பண்ணவாடி என்கிற பெயர் தண்ணீருக்குள் போகவில்லை, கரையில் இருக்கிறது.

அந்தக் கரையோர ஊர்களில் பழைய ஓட்டு வீடு ஏதாவது உங்கள் கண்ணில் பட்டால் உள்ளே போய் உத்திரத்தை அண்ணாந்து பாருங்கள். எதுவும் பொருந்தாத இடத்தில் சதுரமாக வெட்டிய பொத்தல் இருந்தால், அந்த மரம் இதற்கு முன்னால் வேறொரு வீட்டைத் தாங்கியிருக்கிறது. நிலையின் உயரத்தையும் அளந்து பாருங்கள். சுவருக்கும் நிலைக்கும் நடுவில் செங்கல் துண்டும் மண்ணும் வைத்து அடைத்திருந்தால், அந்தச் சுவர் அந்த நிலைக்காகக் கட்டியது இல்லை. வீட்டில் பெரியவர் யாராவது இருந்தால், மரம் எந்த ஊரிலிருந்து வந்தது என்று கேட்டு எழுதி வையுங்கள்.