திருத்தும் உரிமையும் பதிவின் பொறுப்பும்: சரக்கு நிலையப் பகிர்வுத் தரவுத்தளம் குறித்து ஓர் ஆய்வு

எண்ணூர் விரைவுச்சாலை, திருவொற்றியூர், மணலி வட்டாரங்களில் உள்ள கண்டெய்னர் சரக்கு நிலையங்களில், துறைமுகத்திலிருந்து வந்த பெட்டிகள் சுங்க அனுமதி கிடைக்கும்வரை காவலில் இருக்கின்றன. 1962ஆம் ஆண்டின் சுங்கச் சட்டம் 45ஆம் பிரிவின்படி, சரக்கைக் காவலில் வைத்திருப்பவர் அதற்குப் பதிவேடு பேணி, அதன் நகலைச் சுங்க அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். பெட்டி உள்ளே வந்த தேதியை வைத்துத்தான் யார்டு வாடகையும் கணக்கிடப்படுகிறது. எனவே, அந்தத் தேதியை யார் திருத்தலாம் என்பதில் சட்டமும் பணமும் அடங்கியிருக்கின்றன. ஆனால், இத்தகைய பதிவேடு அலுவலகக் கணினிகள் பகிரும் ஒரு மைக்ரோசாஃப்ட் அக்செஸ் தரவுத்தளக் கோப்பில் இருக்கும்போது, ‘என்னால் திருத்த முடியவில்லை’ என்ற புகார் வெறும் கணினிக் கோளாறாகவே பார்க்கப்படுகிறது. அப்புகாருக்குள் கோப்பைத் தொடும் உரிமை, பதிவை மாற்றும் பொறுப்பு என இரண்டு உள்ளன என்பதும், இவற்றைப் பிரிக்காமல் செய்யும் பழுதுநீக்கம் பதிவேட்டின் நம்பகத்தைக் குலைக்கும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

முதல் சான்று அக்செஸின் அமைப்பிலேயே இருக்கிறது. பகிர்வு முறையில் ஒரு கோப்பு திறக்கப்படும்போது, அதே கோப்புறையில் ஒரு பூட்டுக் கோப்பு உருவாகிறது. பழைய எம்டிபி வடிவத்துக்கு இது எல்டிபி. 2007இல் வந்த ஏசிசிடிபி வடிவத்துக்கு எல்ஏசிசிடிபி. யார் எந்தப் பதிவைப் பிடித்திருக்கிறார் என்பதை இதன் வழியாகவே தரவுத்தளம் அறிகிறது. கடைசிப் பயனர் வெளியேறும்போது அது அழிக்கப்படுகிறது. ஆகவே கோப்பைப் பகிர்ந்து திறக்கும் எவருக்கும், பார்வையிட மட்டுமே வருபவருக்கும்கூட, கோப்புறையில் எழுதவும் உருவாக்கவும் அழிக்கவும் உரிமை தேவை. அது இல்லாதபோது, கோப்பு படிக்க மட்டும் என்ற நிலையில் திறக்கும். அல்லது ஒருவருக்கு மட்டுமே திறந்து மற்றவர்களை வெளியே நிறுத்தும். ஒரு பதிவைக்கூட மாற்றக் கூடாதவருக்கும் கோப்புறையில் எழுதும் உரிமை கொடுத்தாக வேண்டும் என்றால், கோப்புறை உரிமையை வைத்துப் பொறுப்பை வரையறுக்க இயலாது.

ஒரே அறிகுறிக்குப் பல காரணங்கள் உண்டு என்பதால், கீழ்த்தளத்திலிருந்து மேல்நோக்கிச் சோதிப்பதே முறை. பூட்டுக் கோப்பு உருவாகாவிட்டால் கோளாறு கோப்புறையில் இருக்கலாம். பிணையப் பகிர்வு உரிமையும் வட்டின் கோப்பு உரிமையும் முரண்பட்டால் இரண்டில் கடுமையானதே செல்லும் என்பதால், இரண்டையும் பார்க்க வேண்டும். பூட்டுக் கோப்பு உருவாகியும் அட்டவணையை நேரடியாகத் திருத்த முடியவில்லை என்றால், அந்தத் தரவுக் கோப்பு மட்டும் படிக்கும் உரிமையோடு வைக்கப்பட்டிருக்கலாம். அல்லது வேறொருவர் அந்தப் பதிவைப் பிடித்திருக்கலாம். அட்டவணையைத் திருத்த முடிந்து வினவலைத் திருத்த முடியாவிட்டால், அந்த வினவல் கூட்டுத்தொகை எடுப்பதாகவோ பல அட்டவணைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குவதாகவோ இருக்கலாம். அத்தகைய வினவலின் விளைவு இயல்பிலேயே திருத்த முடியாதது. வினவல் இடம்கொடுத்தும் படிவம் மறுத்தால், படிவத்தின் ‘திருத்த அனுமதி’ அணைக்கப்பட்டிருக்கலாம். கடைசி இரண்டில், முன்னது வினவலின் இயல்பு; பின்னது பெரும்பாலும் வடிவமைத்தவர் தெரிந்தே வைத்த தடை. அவற்றைப் பழுது என்று கருதி நீக்குவது பிழை.

இந்த வரிசையைத் தவிர்த்து, ‘எல்லோருக்கும் முழு உரிமை’ என்று ஒரே கிளிக்கில் முடிப்பது எளிய வைத்தியம். புகார் அடங்கும், ஆனால் கோப்பின் உரிமைகளையே மாற்றவும் எல்லோருக்கும் வழி திறந்துவிடும். முழு உரிமையை மறுத்து, பார்வையாளருக்குத் தரவுக் கோப்பில் மட்டும் படிக்கும் உரிமை தரலாமே என்பது நியாயமான கேள்வி. ஆனால் அவ்வுரிமை கோப்பு முழுவதற்குமானது; ஓர் அட்டவணையைத் திருத்தவும் மற்றொன்றைப் பார்க்கவும் மட்டும் ஒருவரை அனுமதிக்க அதனால் முடியாது. மேலும், கோப்பைச் சுருக்கிச் சீராக்கும்போது அக்செஸ் புதுக் கோப்பு ஒன்றை உருவாக்கிப் பழையதன் இடத்தில் வைப்பதால், தனியாக அமைத்த உரிமைகள் போய்க் கோப்புறையின் உரிமையே மீளும். பயனர்வாரிப் பாதுகாப்பையும் ஏசிசிடிபி வடிவம் கைவிட்டுவிட்டது. பூட்டுக் கோப்பில் கணினியின் பெயர் வேறுபடுமே தவிர, பயனர் எல்லோரும் ‘அட்மின்’தான்.

ஐந்தாறு பேர் ஒருவரை ஒருவர் அறிந்து வேலை பார்க்கும் அலுவலகத்துக்கு இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று கேட்கலாம். அங்கு நம்பிக்கை இருப்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் பதிவேட்டைக் கேட்டு வருபவர் சுங்க அதிகாரியோ தணிக்கையாளரோ, அந்த நம்பிக்கையில் பங்கில்லாதவர். 2023 ஏப்ரல் 1 முதல், கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருள் ஒவ்வொரு திருத்தத்தையும் தேதியோடு பதிய வேண்டும், அந்தப் பதிவை அணைக்க முடியாதிருக்க வேண்டும் என்பது விதி. வாடகைக் கணக்கு அக்செஸ் கோப்பிலேயே எழுதப்பட்டால், அந்த விதி அதையும் தொடும். உடனே சர்வருக்கு மாறுவதே தீர்வு என்பது இன்னொரு வாதம். மாற்றம் பல இடங்களில் தேவைதான். ஆனால் தனித்த திறவுகோல் இல்லாத சர்வர் அட்டவணையை அக்செஸோடு இணைத்தால் அதுவும் படிக்க மட்டுமே கிடைக்கும். நோயை அறியாமல் இடம் மாறினால், அதே புகார் புதிய இடத்திலும் எழும்.

ஆகவே தீர்வும் இரு தளங்களில் அமைய வேண்டும். கோப்புறை உரிமையை, வேலை நிமித்தம் கோப்பைத் திறப்பவர் அனைவருக்கும் தயங்காமல் தரலாம். அது வெறும் இயக்கத் தேவை. திருத்தும் பொறுப்பையோ, தரவுக் கோப்பிலிருந்து பிரித்த முகப்புக் கோப்பின் படிவங்களிலும், பழைய மதிப்பு, புதிய மதிப்பு, நேரம், விண்டோஸ் பயனர் பெயர் ஆகியவற்றை எழுதும் திருத்தப் பதிவு அட்டவணையிலும் வைக்க வேண்டும். ஆனால், கோப்புறைக்குள் நுழைய முடிந்தவர் முகப்பைத் தாண்டித் தரவுக் கோப்பை நேராகத் திறக்கலாம் என்பதால், இது கவனக்குறைவைத் தடுக்குமே தவிர உள்நோக்கத்தைத் தடுக்காது. யார்டின் அன்றாட வேலைப் பட்டியல்களுக்கு இந்த அளவு போதும். 45ஆம் பிரிவு கேட்கும் பதிவேடும் வாடகைக் கணக்கும், அட்டவணைவாரியாக உரிமை பிரிக்கக்கூடிய சர்வர் தரவுத்தளத்துக்கே உரியவை.